தரையில் விழுந்த பொட்டு

ஆடி 5, சனி

உன்னையே கேட்கிறேன் மீனாட்சித் தாயே, உன் முகத்துக்கு நேரே நின்று நான் சொன்ன பொய்யை நீ எதில் சேர்ப்பாய்? அதுவும் நேற்று, ஆடி வெள்ளி. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கையில் கற்பூர வாசம்கூடப் போகவில்லை.

காலையில் இருந்து காற்று. கொடியில் கிடந்த சேலை பறந்து வேப்ப மரத்தில். வாசல் கோலம் எட்டு மணிக்குள் மண்ணோடு போனது. உளுந்து ஊறப்போட வேண்டும். ரேஷனில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்களாம், போகவில்லை. பழங்காநத்தம் முழுக்கப் புழுதி.

உனக்குத் தெரியாதது இல்லை, இருந்தாலும் வரிசையாக எழுதினால்தான் மனசு நிற்கும். கோமதி என் தம்பி மகள். யுனிவர்சிட்டியில் பிசிக்ஸ் ஆராய்ச்சி. என்னோடு தங்கிப் படிக்கிறாள். ஆனி மாதக் கடைசியில் ஆட்டோவில் ஒரு மிஷினைக் கொண்டுவந்து இறக்கினாள். லேசர் என்று பெயர். ஒரு முழத்துக்கு மேல் நீளமான கண்ணாடிக் குழாய். உள்ளே ஹீலியம், நியான் என்று இரண்டு காற்று. ஸ்விட்சைப் போட்டால் குழாய் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் எரிகிறது. முனையில் இருந்து நூல் பிடித்த மாதிரி ஒரு சிவப்பு வெளிச்சம். அந்த வெளிச்சம் கூடக் குறைய ஆகாமல் ஒரே சீராக நிற்க வேண்டும். நிற்காது. ஏன் நிற்கவில்லை என்று கண்டுபிடிப்பதுதான் இவள் படிப்பு. அந்த ஆட்டத்துக்கு அவர்கள் பாஷையில் நாய்ஸ், அதாவது சத்தம் என்று பேர். காதை வைத்துக் கேட்டேன், ஒரு சத்தமும் இல்லை.

யுனிவர்சிட்டி பக்கத்தில் புதுக் கட்டடம் கட்டுகிறார்கள், நிலம் அதிர்கிறது என்று இங்கே கொண்டுவந்தாள். வீட்டில் ஜன்னல் இல்லாத ஒரே இடம் உன் பூஜை அறை. கேட்டாள், கொடுத்தேன். சைக்கிள் டியூப்களில் காற்றடித்து, அதன் மேல் கடப்பாக்கல், கல்லின் மேல் குழாய். நடுவில் ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லு கொஞ்சம் வெளிச்சத்தை ஒதுக்கி மீட்டருக்கு அனுப்பும். மீதி எதிர்ச் சுவரில் போய் விழும். விழுகிற இடத்தில் கருப்புக் காகிதம் ஒட்டப் போனாள். பூஜை அறையில், ஆடி வருகிற நேரத்தில், கருப்பா? விடமாட்டேன் என்றேன்.

சுவரில் விழுந்ததைப் பார்த்தேன். மிளகு அளவு, ரத்தச் சிவப்பு. எனக்குத்தான் பொட்டு இல்லை, அவர் போய்ப் பதினோரு வருஷம். சுவருக்கு எதற்குப் பொட்டு? உன் படத்தை ஆணி மாற்றி அடித்து, நெற்றிக்குச் சரியாக வரும்படி மாட்டினேன். கோமதி யோசித்தாள். படம் முன்பக்கம் சாய்ந்து தொங்குவதைப் பார்த்துவிட்டு, சரி இப்படியே இருக்கட்டும், அசைக்காதே என்றாள்.

நேற்று அவள் மிஷினை எரியவிட்டு யுனிவர்சிட்டிக்குப் போன பிறகு பக்கத்து வீட்டு ராக்கு நாலு பெண்களைக் கூட்டிவந்தாள். நான் சொல்லித்தான். குனிந்து நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கிற தலை ஆடினால் அந்தப் பொட்டு பொடிப்பொடியாக மின்னும். அம்மன் முழிக்கிறாள் என்று ஒருத்தி அழுதுவிட்டாள்.

சாயங்காலம் கோமதி வந்து மீட்டரைப் பார்த்தாள். முள் துடித்தது. யாராவது வந்தார்களா என்றாள்.

"யாரு வரப்போறா தாயி, நானும் அம்மனுந்தான் இருந்தோம்."

இதுதான் அந்தப் பொய்.

ஆடி 7, திங்கள்

வெயில். காற்று குறையவில்லை. கீரைக்காரி வரவில்லை. திருப்பரங்குன்றம் போய்வர நினைத்தேன், கால் வீக்கம்.

தம்பி வந்தான், உரம் வாங்க மதுரைக்கு வந்தவன் அப்படியே. ஊரில் கிணறு வற்றிவிட்டதாம். சோறு தின்றுகொண்டே சொன்னான். வருகிற ஞாயிறு கோமதியின் கைடு சார் வீட்டுக்கே வந்து பார்ப்பாராம். முள் நின்றால் படிப்புத் தொடரும். நிற்காவிட்டால் மிஷினை வேறு பையனுக்குக் கொடுத்துவிடுவார். அப்படி ஆனால் இவள் ஊருக்கு வரட்டும், ஆவணியில் கல்யாணம். உசிலம்பட்டிக்காரர்கள் காத்திருக்கிறார்கள்.

கோமதி கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். வெளியே வந்து அப்பாவுக்கு மோர் ஊற்றினாள்.

அவன் போன பிறகு, முள் ஏன் ஆடுகிறது என்று வேட்டை. அவள் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கிறாள். கரண்டு ஏறி இறங்குகிறது என்று சிநேகிதி வீட்டில் இருந்து ஸ்டெபிலைசர் தூக்கிவந்தாள். முள் ஆடியது. மின்விசிறிக் காற்று என்று கூடத்து விசிறியை நிறுத்தினாள். வேர்த்து ஊற்றியதுதான் மிச்சம். சைக்கிள் டியூப்களுக்குப் புதிதாகக் காற்று. குழாய் சூடாக நேரம் வேண்டும் என்று ஒரு மணி நேரம் சும்மா எரியவிட்டாள். கண்ணாடியில் தூசி என்று பஞ்சால் துடைத்தாள். என்னை நடக்காதே என்றாள். உட்கார்ந்தே வெங்காயம் உரித்தேன்.

கடைசியில் ராக்குவின் கிரைண்டர் மேல் பழி. நடுச்சுவர் ஒன்றுதான். ராக்கு மாவு அரைத்து மெஸ்ஸுக்கும் நாலைந்து வீட்டுக்கும் கொடுப்பவள். அதுதான் அவள் பிழைப்பு. கோமதி போய் நின்று ஞாயிறு வரை அரைக்க வேண்டாம் என்று கேட்டாள். கேட்டாள் என்ன, சண்டையே போட்டாள். ராக்கு என்னைப் பார்த்தாள். பிறகு சரி என்றாள். படிக்கிற பிள்ளை, அம்மன் குடியிருக்கிற வீடு, நிறுத்திக்கிறேன் என்றாள்.

கிரைண்டர் நின்றது. முள் நிற்கவில்லை.

ஆடி 8, செவ்வாய்

எழுத்து கோணல்.

மத்தியானம் தட்டில் கத்தரிக்காய்க் குழம்பு. கோமதி சாப்பிடவில்லை, விரலால் சோற்றில் கோடு போட்டுக்கொண்டே தன்னோடு தானே பேசினாள். கரண்டு இல்லை. சூடு இல்லை. அதிர்வு இல்லை. தூசி இல்லை. இன்னும் என்னதான் இருக்கு என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"இன்னொன்னு இருக்கு அத்த. போன வெளிச்சம் எங்கயாவது கண்ணாடில பட்டு, வந்த வழியே திரும்பி அந்தக் குழாய்க்குள்ளயே போயிருச்சுன்னா, கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆடும். ஒரு துளி போனாப் போதும். ஆனா இங்க அது கெடையாது. படம் சாஞ்சு தொங்குதுல்ல, அதுல படுறது தரைக்குப் போயிரும். நாந்தான் பாத்தேன்ல."

தண்ணீர் குடித்தேன். புரை ஏறிவிட்டது என்றேன்.

அவள் பார்த்தது உண்மை. அன்றைக்குத் தரைக்குத்தான் போனது. ஆடி பிறந்த அன்று நான் அறை பெருக்கும்போது பார்த்தேன், உன் நெற்றியில் ஒரு பொட்டு, கீழே தரையில் மங்கலாக இன்னொரு பொட்டு. உன் படத்துக் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. நான் பெருக்குகிற இடத்தில், கால் மிதிக்கிற இடத்தில், உன் குங்குமம். ஒரு தடவை என் குதிகாலே அதன் மேல் பட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு, காலித் தீப்பெட்டி ஒன்றைப் படத்தின் கீழ்ச்சட்டத்துக்குப் பின்னால் செருகினேன். படம் நிமிர்ந்தது. தரைப் பொட்டு எழுந்து கல்லின் மேல் ஏறியது. இன்னும் கொஞ்சம் செருகினேன். இப்படி அப்படி நகர்த்தினேன். ஏறி ஏறி, புறப்பட்ட துவாரத்துக்குள்ளேயே போய் மறைந்தது. உன்னுடையதை உன் வழியே அனுப்பிவிட்டேன் என்று சந்தோஷப்பட்டேன். சூடம் காட்டினேன்.

தீப்பெட்டி இன்னும் அங்கேயேதான்.

ஆடி 10, வியாழன்

மேகம். மழை இல்லை. வெள்ளைச் சேலை துவைத்தாச்சு. நல்லெண்ணெய், வெல்லம், எலுமிச்சை வாங்க வேண்டும். கால் வீக்கம் பரவாயில்லை.

இன்னும் சொல்லவில்லை.

நேற்று இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை ஊறுகாய் வேண்டுமா என்று கேட்டேன். இன்னொரு தடவை ஒன்றும் கேட்கவில்லை. ஊர் முழுக்கப் பேசுகிற வாய்.

எடுத்துவிட்டால் ஆயிற்று என்று உள்ளே போய் நின்றேன். கை நீளவில்லை. எடுத்தால் பொட்டு மறுபடி தரையில். நாளைக்கு இரண்டாம் வெள்ளி. போன வெள்ளி வந்தவர்கள் இன்னும் பத்துப் பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். வருகிறவர்கள் உன் குங்குமத்தை மிதித்துக்கொண்டு நிற்பார்களா? வெள்ளி போகட்டும் என்று வந்துவிட்டேன்.

இதுவும் முழு நிஜம் இல்லை. உனக்கு மட்டும் எழுதுகிறேன். போன வெள்ளி அந்தப் பெண்கள் கிளம்பும்போது குங்குமத் தட்டை ராக்குவிடம் நீட்டினேன், நீ கொடு என்று. அவர்கள் கேட்கவில்லை. என் கையால்தான் வேண்டும் என்றார்கள். பதினோரு வருஷமாக ஒரு சீமந்தத்துக்கு, ஒரு வளைகாப்புக்கு என்னை முன்னால் கூப்பிட்டவர் இல்லை. நானும் போய் நின்றதில்லை, அடுப்படியோடு சரி. அன்றைக்கு ஐந்து பேர் குனிந்து என் கையால் வாங்கி வைத்துக்கொண்டார்கள். விரலில் சிவப்பு. சாயங்காலம் வரை கை கழுவவில்லை.

அதற்காகத்தான் கை நீளவில்லை. பிள்ளையின் படிப்பு ஒரு பக்கம், என் விரல் சிவப்பு ஒரு பக்கம். எனக்கு எது பெரிதாகப் பட்டது என்று பார்த்தாயா.

ராக்கு வீட்டுப் பக்கம் சத்தமே இல்லை. மெஸ்காரர் வேறு இடத்தில் மாவு வாங்கிக்கொண்டாராம்.

ஆடி 11, வெள்ளி

வெயில், புழுக்கம். பத்தரைக்குக் கரண்டு போனது.

பெண்கள் வந்துவிட்டார்கள். கூடம் கொள்ளவில்லை. பொட்டு இல்லாத படத்தின் முன்னால் உட்கார்ந்து பாடிக்கொண்டே காத்திருந்தார்கள். கரண்டு வந்ததும் குழாய் கண் சிமிட்டி எரிந்தது. பொட்டு வந்தது. குலவை போட்டார்கள். தெருவுக்கே கேட்டிருக்கும்.

கோமதிக்குக் கேட்டது. அங்கேயும் கரண்டு போனதால் மிஷின் என்ன ஆயிற்றோ என்று பாதியில் திரும்பியிருக்கிறாள். வாசலில் அத்தனை செருப்பு. அவள் உள்ளே வரவே இல்லை. நான் குங்குமத் தட்டோடு வெளியே வந்தால், படியில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் பை. எல்லோரும் அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போகும் வரை உட்கார்ந்தே இருந்தாள். ஒருத்தி அவள் கன்னத்தைத் தொட்டு முத்திக்கொண்டு போனாள், புண்ணியம் செய்த பிள்ளை என்று.

உள்ளே வந்து கதவைச் சாத்தினாள்.

"இம்புட்டுப் பேரு நடந்தா முள்ளு எப்படி அத்த நிக்கும்? நான் யார் யாரையோ சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கேன். ராக்கு அக்கா பொழப்பக் கெடுத்தேன்."

தப்புத்தான் தாயி, இனிமேல் ஒருத்தரையும் விடமாட்டேன் என்றேன். அழுதேன்கூட. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். சின்னத் தப்பை ஒத்துக்கொண்டு பெரிய தப்பை அதற்குப் பின்னால் மறைத்துவிட்டேன். அவள் பிடித்த கை குங்குமக் கை. அவள் விரலிலும் ஒட்டியது.

ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டேன். விரதம் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆடி 12, சனி

கோழி கூவ எழுந்தேன். குளித்தேன். உன் முன்னால் நின்று தீப்பெட்டியை உருவினேன். படம் பழையபடி சாய்ந்தது. பொட்டு தரைக்கு இறங்கியது. அந்த இடத்தில் ஒரு தாம்பாளத்தைக் கவிழ்க்கலாம் என்று பார்த்தேன், தாம்பாளமும் மின்னும் என்று பயந்து ஒரு கோணித் துண்டைப் போட்டேன். உன் பொட்டு சாக்கின் மேல். மன்னித்துக்கொள்.

தீப்பெட்டி என் முந்தானை முடிச்சில்.

கோமதி எழுந்து மீட்டரைப் பார்த்தாள். முள் நின்றது. தட்டினாள், மீட்டர் கெட்டுவிட்டதோ என்று. கெடவில்லை. காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தாள். நின்றது. மத்தியானமும் நின்றது. கிரைண்டர் நின்றது, கூட்டம் நின்றது, முள் நின்றுவிட்டது என்று கூடத்தில் குதித்தாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவள் அப்பனுக்கு யாரிடமாவது சொல்லியனுப்ப வேண்டும் என்றாள்.

பணியாரம் சுட்டேன். இவ்வளவு லேசாகத் தீர்ந்துவிட்டதே, இனி வாயைத் திறக்க வேண்டியதில்லை என்று நினைத்தேன். நினைத்ததையும் எழுதிவிடுகிறேன்.

ஆடி 13, ஞாயிறு

சார் பத்து மணிக்கு வந்தார். ஒல்லி, வழுக்கை, ஸ்கூட்டர். காப்பிக்குச் சீனி வேண்டாம் என்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, உன்னைக் கும்பிட்டுவிட்டு, மீட்டர் முன்னால் சம்மணம் போட்டார். ரொம்ப நேரம் பார்த்தார். முள் செதுக்கி வைத்த மாதிரி நின்றது. கோமதி முகத்தைப் பார்க்க வேண்டுமே.

பிறகு அவர் ராக்குவைக் கூப்பிட்டு கிரைண்டரைப் போடச் சொன்னார். போட்டாள். முள் அசையவில்லை. கோமதியையும் என்னையும் கூடத்தில் நடக்கச் சொன்னார். நடந்தோம். அசையவில்லை. விசிறியைப் போட்டார். ஸ்டெபிலைசரைக் கழற்றச் சொன்னார். லேசாக நகர்ந்து நின்றுகொண்டது, அவ்வளவுதான்.

அப்போ இத்தனை நாளா எதும்மா ஆட்டுச்சு என்று கேட்டார். தெரியல சார் என்று கோமதி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நின்னது பெருசு இல்லம்மா. ஏன் நின்னுச்சுன்னு சொல்லணும். தெரியாம நின்னது தெரியாமலே மறுபடி ஆடும். லேசர் டியூபே சரியில்லைன்னு படுது. நான் இதை எடுத்துட்டுப் போறேன், அந்தப் பையன் பாக்கட்டும்."

கோமதி சரி சார் என்றாள். வயரைச் சுருட்ட உட்கார்ந்தாள். சுருட்டுகிறாள், கண்ணீர் கடப்பாக்கல் மேல் விழுகிறது, தாவணியால் கல்லைத் துடைக்கிறாள். கண்ணைத் துடைக்கவில்லை, கல்லைத் துடைக்கிறாள்.

நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ராக்கு பக்கத்தில். முந்தானை முடிச்சு இறுக்கமாகப் போட்டிருந்தேன், பல்லால் கடித்து அவிழ்க்க வேண்டியிருந்தது.

"சார், டியூபு மேல தப்பு இல்ல. நாந்தான்."

தீப்பெட்டியைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். தரைப் பொட்டு, குதிகால், செருகியது, துவாரத்துக்குள் போய் மறைந்தது, எல்லாம் சொன்னேன். செவ்வாயில் இருந்தே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது கோமதியைப் பார்க்கவில்லை. ராக்குவையும் பார்க்கவில்லை.

அவர் தீப்பெட்டியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடமே நீட்டினார், எப்படி வைத்தேனோ அப்படியே வைக்கச் சொல்லி. எல்லோரும் பார்க்க வைத்தேன். படம் நிமிர்ந்தது. முள் பேய் பிடித்த மாதிரி துடித்தது. எடுக்கச் சொன்னார். எடுத்தேன். நின்றது. மறுபடி வையுங்க என்றார். மறுபடி எடுங்க என்றார். ஒரு தப்பை ஒரு தடவை செய்ததற்கே உடம்பு கூசுகிறது, அதையே திரும்பத் திரும்ப என் கையால் செய்யவைத்து கோமதியை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவளும் எழுதினாள். மேசை இல்லாமல் முழங்காலில் வைத்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

முடிந்ததும் இப்போ இதுதாம்மா ரிசல்ட் என்றார் அவளிடம். மிஷின் இங்கேயே இருக்கட்டும், தை மாதம் வரைக்கும் உன்னுடையது என்றார். தம்பியிடம் தானே பேசுவதாகவும் சொன்னார்.

என்னிடம் இரண்டே விஷயம். வெளியாள் ஒருவர்கூட அந்த அறைக்குள் வரக்கூடாது, வந்ததாகக் கேள்விப்பட்டால் அன்றைக்கே மிஷினைத் தூக்கிவிடுவார். இன்னொன்று, அந்த வெளிச்சம் யார் கண்ணிலும் நேராகப் படவே கூடாது, பட்டால் பார்வைக்குக் கெடுதல்.

சரிங்க சார் என்றேன். வேறு என்ன சொல்ல.

ஆடி 14, திங்கள்

காற்று திரும்ப ஆரம்பம். உளுந்து, அரிசி ஊறப்போட்டாச்சு. சுவரில் கருப்புக் காகிதம் ஒட்டியாச்சு, நானே பசை காய்ச்சிக் கொடுத்தேன். உன் படம் இப்போது கூடத்தில், காலண்டர் பக்கத்தில். நெற்றியில் சாதாரணக் குங்குமம், கோமதி வைத்தாள்.

அவள் பேசுகிறாள். சாப்பாடு போடு, தண்ணி பிடிச்சு வை, வாரேன், போறேன். அவ்வளவுதான். காலையில் நான் பூஜை அறை வாசலைக் கடக்கும்போது மீட்டரைத் திரும்பிப் பார்த்தாள். நான் நடந்தால் ஆடாது என்று அவளுக்கே தெரியும். இருந்தாலும் பார்த்தாள்.

ராக்கு வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்றேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, பாதி அளவு மாவுதான் உள்ளே. மெஸ்காரர் திரும்பி வரவில்லை. ஒரு முக்காலியை நகர்த்திப் போட்டாள்.

"உக்காருங்கக்கா. எனக்கு மாவு போனதுகூடப் பெருசில்ல. நாலு பேத்தக் கூட்டியாந்து நிறுத்துனேன்ல, அம்மன் முழிக்கிறா, பாருங்கன்னு. அவளுக மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

நானே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்றேன். யார் யார் வந்தார்கள் என்று ராக்கு விரல் விட்டுப் பேர் சொன்னாள், பூக்காரி, டெய்லர் வீட்டம்மா, மாடி வீட்டு மருமகள், மெஸ்காரர் சம்சாரம். மற்றவர்கள் இவர்கள் கூட்டிவந்தவர்கள்தான், இவர்களே சொல்லிக்கொள்வார்கள் என்றாள். சாயங்காலம் நான்கு வீடு ஏறினேன். மூன்று வீட்டில் சிரித்தார்கள். பூக்காரி சிரிக்கவில்லை. நெற்றியில் இருந்ததைத் துடைத்துவிட்டு, சரிம்மா என்று பூக்கட்ட உட்கார்ந்துவிட்டாள்.

எல்லா வீடும் முடித்துவிட்டேன் என்று நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ராக்கு சொன்ன பேரில் இல்லாத ஒருத்தி இருக்கிறாள், இப்போதுதான் நினைவு வருகிறது. வெள்ளிக்கிழமை யாரோடோ சேர்ந்து வந்தவள், அழகர்கோவில் பக்கம். பேர் கேட்கவில்லை. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, மகளுக்குப் பார்வை மங்கிக்கொண்டே போகிறது, வெள்ளியில் கண்மலர் வாங்கி வைத்திருக்கிறேன், இங்கே அம்மனுக்குச் சாத்தலாமா என்று கேட்டாள். செவ்வாய்க்கிழமை பிள்ளையைத் தூக்கிட்டு வா, அந்த வெளிச்சத்துக்கு நேரா கண்ணைக் காட்டுவோம் என்று சொல்லி அனுப்பியது நான்தான். நாளைக்குச் செவ்வாய்.